புள்ள வந்து சொன்னா மொத வேலையா பஞ்சாயத்துக்கு போகாதீங்க: தோட்டத்து அம்மா அப்பாமாருக்கும் தலைவர்மாருக்கும் ஒரு திறந்த மடல்

அன்பான அக்காமாருக்கும் அண்ணன்மாருக்கும், தோட்டத் தலைவர்மாருக்கும் கோயில் கமிட்டி ஆளுங்களுக்கும் வணக்கம்.

நான் இலங்கை மலையகத்துல ஹட்டன் பக்கம் தேயில தோட்டத்து லயத்துல, அந்த வரிசை வீட்டுல, பொறந்து வளந்தவ, இப்ப தோட்டத்து பாடசாலை ஒன்னுல சின்ன வகுப்பு புள்ளைங்களுக்கு படிச்சு குடுக்குறேன். இத எழுதணும்னு ரொம்ப நாளா மனசுல இருந்துச்சு, ஏன்னா ஒரு புள்ளைய யாராவது தொடக்கூடாத மாதிரி தொட்டிருக்கான், இல்லன்னா அப்படி ஒரு சந்தேகம் இருக்குன்னு தெரிஞ்ச ஒடனே நம்ம ஆளுங்க என்ன செய்றாங்கன்னு நான் பாத்துக்கிட்டு தான் இருக்கேன். ஒன்னு புள்ளைக்கு அடி விழும். இல்லன்னா வாய மூடுன்னு சொல்லுவாங்க. இல்லன்னா தலைவர் வீட்டு இஸ்தோப்புல, அந்த முன் திண்ணையில, நாலு பேரு கூடி பஞ்சாயம் பேசி, அவன கொஞ்ச நாளைக்கு கொழும்புல கடைக்கு வேலைக்கு அனுப்பிட்டு விசயத்த முடிச்சிருவாங்க. மூனுமே அந்த புள்ளைய கை விடுறது தான், இத எனக்கு சுத்தி வளைச்சு சொல்ல தெரியல.

மொதல்ல ஒன்ன சொல்லிடுறேன், லயத்துல இருக்குறவங்க கிட்ட தான் இதெல்லாம் நடக்குதுன்னு வெளிய ஆளுங்க பேசுறப்ப எனக்கு கோவம் வரும். பங்களாவுலயும் நடக்குது, டவுன்லயும் நடக்குது, பெரிய பெரிய ஸ்கூல்லயும் நடக்குது. ஆனா நம்ம நெலம வேற. 10 அடிக்கு 12 அடி காம்பராவுல ஆறேழு பேரு படுக்கணும், அம்மா காலையில வேலைக்கு பேர் குடுக்க பெரட்டுக்கு ஓடணும், அப்பா கொழும்புல, சில வீட்டுல அம்மா குவைத்துலயோ சவூதியிலயோ, புள்ளைங்க அம்மாயி கிட்ட. ஸ்கூல் விட்டு வாற புள்ள வீட்டுக்கு வாறப்ப வீட்டுல யாரும் இருக்க மாட்டாங்க. அதுனால பக்கத்து வீட்டு ஆளு, மாமன் மொற, சித்தப்பா மொற, டியூஷன் குடுக்குறவரு, ஸ்கூலுக்கு ஏத்திட்டு போற த்ரீவீல்காரரு, இப்படி நம்மளே நம்பி விட்ட ஆளுங்க கிட்ட தான் புள்ளைங்க இருக்கு. செய்றவன் அனேகமா புள்ளைக்கு நல்லா தெரிஞ்ச ஆளா தான் இருப்பான், இது நம்ம நாட்டுல மட்டும் இல்ல, உலகம் முழுக்க அப்படித்தான். மொகம் தெரியாதவன் டொபி குடுத்து கூட்டிட்டு போயிருவான்னு மட்டும் புள்ளைக்கு சொல்லி குடுத்துட்டு நிம்மதியா இருந்துராதீங்க.

புள்ளைங்க எப்படி சொல்லும்னு நெனைக்கிறீங்க? ஒக்காந்து மொதல்ல இருந்து கடைசி வரைக்கும் கதையா சொல்லாது. நீங்க படங்கு சாக்க இடுப்புல சுத்திக்கிட்டு, ரொட்டிய பொட்டலம் கட்டிக்கிட்டு, கூடைய எடுத்து மாட்டுற அந்த அவசரத்துல வந்து, "அம்மா நான் இன்னக்கி அந்த மாமா வீட்டுக்கு டிவி பாக்க போக மாட்டேன்"னு சொல்லும். அவ்வளவு தான். நீங்க "ஏன்டி, போகலன்னா எங்க இருப்ப"ன்னு ஏசிட்டு போயிட்டீங்கன்னா அந்த கதவு அன்னைக்கே சாத்திரும். திரும்ப ஒரு தடவ சொல்லி பாக்குமா, அது எனக்கு நிச்சயமா சொல்ல முடியாது. சில புள்ளைங்க வாயாலயே சொல்லாது, ஒடம்பால சொல்லும். நல்லா இருந்த புள்ள திரும்ப பாயில ஒன்னுக்கு போகும், அடிக்கடி வயித்து வலிம்பா, ராத்திரி அலறி எழும்பும், படிப்பு டக்குன்னு கீழ எறங்கும், அந்த வயசுக்கு தெரியக்கூடாத விசயத்த வெளையாட்டுல செஞ்சு காட்டும், பெரிய புள்ளைங்கன்னா கையில பிளேடால கீறிக்கும். இதுல ஒன்னு இருந்தா கட்டாயம் அதுதான்னு சொல்ல முடியாது, வேற காரணமும் இருக்கலாம். ஆனா நம்ம ஆளுங்க இதுக்கு பயந்திருக்கு, காத்து கருப்பு பட்டிருக்குன்னு கோடாங்கி கிட்ட கூட்டிட்டு போயி கயிறு கட்டிட்டு வந்துருவாங்க. கயிறு கட்டுங்க, நான் வேணாம்னு சொல்லல, சாமி நம்பிக்க ஒங்களோடது. அதோட நிப்பாட்டாம புள்ளைய தனியா கூட்டிட்டு போயி கேளுங்கன்னு தான் சொல்றேன்.

தனியான்னு சொல்றது லேசு, லயத்துல எங்க தனிய இருக்கு. ஒரு செவுத்துக்கு அந்த பக்கம் இருமுனா இந்த பக்கம் கேக்கும். அதுனால பீலிக்கு தண்ணிக்கு போற மாதிரி கூட்டிட்டு போங்க, வெறகு பொறுக்க போற மாதிரி போங்க. மொகத்துக்கு மொகம் பாத்து ஒக்கார வச்சு வெசாரிக்காதீங்க, நடந்துக்கிட்டே பேசுனா புள்ளைக்கு லேசா இருக்கும். புள்ள பேச ஆரம்பிச்சா நீங்க பேச்ச நிப்பாட்டிருங்க. ஒங்க நெஞ்சு வெடிக்கும், எனக்கு தெரியும், ஆனா அந்த நேரத்துல ஒங்க மொகத்த தான் அது பாத்துக்கிட்டே இருக்கும். நீங்க அய்யோன்னு தலையில அடிச்சுக்கிட்டீங்கன்னா அம்மாவ அழ வச்சிட்டேன், நான் தான் தப்பு செஞ்சேன்னு நெனச்சு பாதியில விழுங்கிரும்.

அப்ப சொல்ல வேண்டியது நாலு வார்த்த தான். "நீ எங்கிட்ட சொன்னது நல்லது. நான் நம்புறேன். ஒன் மேல ஒரு பிழையும் இல்ல. இனி நான் பாத்துக்குறேன்." இத சொல்லிட்டு, புள்ளயா எதாவது சொன்னா "பொறகு என்ன நடந்துச்சு"ன்னு மட்டும் கேளுங்க. "அவன் இங்க தொட்டானா, இப்படி செஞ்சானா"ன்னு நம்மளே எடுத்து குடுக்கக் கூடாது, ஏன்னா சின்ன புள்ள பயத்துல எல்லாத்துக்கும் ஆமான்னு தலையாட்டும், நாளைக்கு கோர்ட்டுல எதிர் லோயர் அத தான் புடிச்சுக்குவாரு, அம்மா சொல்லிக் குடுத்து புள்ள சொல்லுதுன்னு. "நீ ஏன் சத்தம் போடல, ஏன் அப்பவே சொல்லல, நீ ஏன் அங்க போன" இந்த கேள்வி ஒன்னையும் கேக்காதீங்க. அவன் அதுகிட்ட நீ சொன்னா நான் செத்துருவேன்னு சொன்னானா, அம்மாவ வெட்டிருவேன்னு சொன்னானா, அம்பது ரூவா குடுத்தானா, நமக்கு தெரியாது. பயந்து போன புள்ள ஒடம்பு அப்படியே கல்லாகிப் போகும், சத்தம் வராது, அது சம்மதம் இல்ல. பொறகு யாருகிட்டயும் சொல்லாதம்மான்னு கெஞ்சும். சத்தியம் பண்ணி குடுத்துறாதீங்க, குடுத்துட்டு மீறுனா மறுபடியும் பெரியவங்க ஏமாத்திட்டாங்கன்னு ஆகிரும். "நமக்கு ஒதவி செய்றவங்களுக்கு மட்டும் சொல்லுவேன், லயத்துல யாருக்கும் சொல்ல மாட்டேன்"னு சொல்லுங்க, அதுபடி நடங்க. வீட்டுக்கு வந்து அது சொன்னத அது சொன்ன வார்த்தையிலயே ஒரு கொப்பியில திகதி போட்டு எழுதி வைங்க. ஒங்களுக்கு எழுத வராதுன்னா நம்பிக்கையான ஒரே ஒரு ஆள வச்சு எழுதுங்க. அத்தைக்கு ஒரு தடவ, பெரியம்மாவுக்கு ஒரு தடவ, தலைவருக்கு ஒரு தடவன்னு புள்ளைய திரும்ப திரும்ப சொல்ல வைக்காதீங்க, ஒவ்வொரு தடவையும் அது திரும்ப அந்த எடத்துக்கு போயிட்டு வருது.

அப்பாமாருக்கு தனியா ஒன்னு. அண்ணே, ஒங்க கோவம் நியாயம். ஆனா கவ்வாத்து கத்திய தூக்கிக்கிட்டு அவன் வீட்டு வாசலுக்கு போகாதீங்க. போனீங்கன்னா அன்னைக்கு ராத்திரியே நீங்க ரிமாண்ட்ல, அவன் ஆஸ்பத்திரி கட்டில்ல படுத்துக்கிட்டு முறைப்பாட்டுக்காரன் ஆகிருவான். கேஸ் தலைகீழா மாறிரும். வீட்டுல சம்பளம் நின்னுரும். எல்லாத்துக்கும் மேல அந்த புள்ள, நான் வாயத் தொறந்ததால தான் அப்பா ஜெயிலுக்கு போனாருன்னு வாழ்க்க முழுக்க நெனைக்கும். அவன் கிட்ட போயி "நீ செஞ்சியா"ன்னு கேக்குறதும் வேணாம், கேட்டா அவன் உசாராகி போன்ல இருக்குறத அழிப்பான், ஆளையே காணாமப் போவான், இல்லன்னா புள்ளைய மெரட்டுவான்.

அடுத்து போக வேண்டிய எடம் ஆஸ்பத்திரி. இப்ப தான் நடந்திருக்கு, ரெண்டு மூனு நாளுக்குள்ளன்னா, ஒரு மணித்தியாலமும் வீணாக்காதீங்க. குளிப்பாட்டாதீங்க, உடுப்ப தொவைக்காதீங்க. நம்ம அம்மாமார் மொத வேலையா சுடுதண்ணி வச்சு மஞ்சள் போட்டு குளிப்பாட்டிருவாங்க, பாசத்துல தான் செய்றாங்க, ஆனா சாட்சி எல்லாம் தண்ணியோட போயிரும். போட்டிருந்த உடுப்ப பேப்பர்லயோ பேப்பர் பேக்லயோ சுத்தி கொண்டு போங்க, ஷொப்பிங் பேக்ல கட்டுனா ஈரம் புடிச்சு கெட்டுப் போகும். ஏற்கனவே குளிச்சிட்டா, தொவைச்சிட்டா? அப்பயும் போங்க. நடந்து ஆறு மாசம் ஆச்சா? அப்பயும் போங்க. எச்.ஐ.வி தொத்தாம இருக்க குடுக்குற மருந்து 72 மணித்தியாலத்துக்குள்ள தொடங்கணும், பெரிய புள்ளைன்னா வயித்துல தங்காம இருக்க குடுக்குற மாத்திரையும் எவ்வளவு சீக்கிரம் குடுக்குறாங்களோ அவ்வளவு நல்லது. அதுனால தான் அவசரப்படுத்துறேன். தோட்டத்து டிஸ்பென்சரியில பனடோல் வாங்கிட்டு வந்து இருந்துறாதீங்க, அங்க இதுக்கு வசதி இல்ல. டிக்கோயா, நுவரெலியா, பதுளை, கண்டி இப்படி பெரிய அரசாங்க ஆஸ்பத்திரிக்கு போங்க, எல்லாம் இலவசம். ரத்தம் போகுது, மயக்கமா இருக்குன்னா 1990 அம்புலன்ஸ கூப்புடுங்க, அதுக்கும் காசு இல்ல. மொதல்ல பொலிஸுக்கு போயிட்டு தான் ஆஸ்பத்திரிக்கு போகணும்னு ஒன்னும் இல்ல, நேரா போனா அவங்களே வார்ட்ல சேத்து பொலிஸுக்கும், கோர்ட்டுக்கு மருத்துவ அறிக்க எழுதுற டொக்டரான சட்ட வைத்திய அதிகாரிக்கும் அறிவிப்பாங்க. அங்க அவரு இல்லன்னா இருக்குற ஆஸ்பத்திரிக்கு அனுப்புவாங்க.

இந்த எடத்துல ரொம்ப முக்கியமான ஒரு விசயம், இத தெரியாம எத்தனையோ குடும்பம் கேஸ விட்டுருக்கும்னு எனக்கு தோணுது. டொக்டர் பாத்துட்டு ஒடம்புல காயம் ஒன்னும் இல்லன்னு எழுதுனா, "பாத்தியா ஒன்னும் நடக்கல, புள்ள பொய் சொல்லுது"ன்னு சொல்லிருவாங்க. அப்படி இல்ல அக்கா. துஷ்பிரயோகம் நடந்த புள்ளைங்கள்ல கூடுதலான ஆளுங்களுக்கு ஒடம்புல ஒன்னும் தெரியாது. தொடுறது, தொட வைக்கிறது எல்லாம் காயம் விடாது, காயம் பட்டாலும் அந்த எடம் சீக்கிரம் ஆறிரும். காயம் இல்லன்னா நடக்கலன்னு அர்த்தம் இல்ல, டொக்டர்மாரும் அப்படி சொல்ல மாட்டாங்க, நம்ம தான் அப்படி எடுத்துக்குறோம். அதே மாதிரி "புள்ள நல்லா இருக்கா, கெட்டுப் போச்சா"ன்னு டொக்டர் கிட்ட கேக்குற அம்மாமாருக்கும் சொல்றேன், அப்படி பாத்து சொல்ற டெஸ்ட் ஒன்னு மருத்துவத்துல கெடையாது, உலக சுகாதார நிறுவனம் 2018லயே அந்த மாதிரி சோதனைய நிப்பாட்டச் சொல்லிருச்சு. புள்ள கெட்டுப் போகல. கெட்டவன் வேற ஆளு.

எங்க தொடங்குறதுன்னே தெரியலன்னா 1929க்கு அடிங்க. தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகார சபையோட நம்பர், 1998ம் வருசத்து 50ம் இலக்க சட்டத்துல உண்டாக்குன சபை அது, கோல் காசு இல்ல, ராத்திரி பகல் எந்நேரமும் எடுக்கலாம், தமிழ்ல பேசலாம், ஒங்க பேர சொல்லாமலும் பேசலாம். நிரூபிச்சிட்டு தான் சொல்லணும்னு இல்ல, சந்தேகம் இருந்தாலே போதும், உண்மையா இல்லையான்னு கண்டுபுடிக்கிறது அவங்க வேல, ஒங்களோடது இல்ல. பிரதேச செயலகத்துலயும் சிறுவர் உரிமை மேம்பாட்டு உத்தியோகத்தர்னு ஒருத்தர் இருப்பாங்க, கோர்ட்டுல புள்ளைங்க விசயத்த பாக்குற நன்னடத்தை உத்தியோகத்தரும் இருப்பாங்க. வெளிநாட்டுல இருக்குற அம்மாமாரே, புள்ள போன்ல எதாவது சொன்னா ஒடனே வீட்டு ஆளுங்கள கூப்ட்டு ஏசாதீங்க. செஞ்சவன் அதே வீட்டுல இருக்கலாம். மொதல்ல புள்ளைய அன்னைக்கு ராத்திரிக்கு எந்த வீட்டுல பாதுகாப்பா வைக்கலாம்னு பாருங்க.

அந்த வீட்டு ஆளே செஞ்சிருந்தா, அத சொல்லுறது எவ்வளவு கஷ்டம்னு நான் ஒங்களுக்கு சொல்ல தேவையில்ல. புருசன் போயிட்டா சோறு யாரு போடுவா, புள்ளைய சிறுவர் ஹோம்ல கொண்டு போய் போட்டுருவாங்களேன்னு பயப்படுறீங்க. 1939ல வந்த சிறுவர் இளம் ஆட்கள் கட்டளைச் சட்டத்துல சொந்தக்காரங்கள்ல பொருத்தமான ஒரு ஆள் கிட்ட புள்ளைய ஒப்படைக்க கோர்ட்டுக்கு எடம் இருக்கு. அதுனால கோர்ட்டுக்கு போறதுக்கு முந்தியே அம்மாயி, பெரியம்மா, யாரு வச்சு பாத்துக்குவாங்கன்னு யோசிச்சு, அவங்களையும் கூட்டிட்டு போயி நன்னடத்தை உத்தியோகத்தர் கிட்ட சொல்லுங்க. இந்த மாதிரி நேரத்துல புள்ள டக்குன்னு "நான் சும்மா சொன்னேன், ஒன்னும் நடக்கல"ன்னு மாத்தி சொல்லும், வீடு ஒடையுதேன்னு பயந்து சொல்றது. மாத்தி சொன்னதால மொதல்ல சொன்னது பொய்யாகிராது.

பொலிஸ்ல சிறுவர் மகளிர் பிரிவு இருக்கு, அங்க போய் பொம்பள உத்தியோகத்தர கேளுங்க. நம்ம பக்கம் பெரிய தொல்லை பாஷ. நீங்க தமிழ்ல சொல்லுவீங்க, அங்க சிங்களத்துல எழுதி நீட்டுவாங்க, சைன் பண்ணிட்டு வந்துருவீங்க. வாசிக்க தெரியாத பேப்பர்ல கையெழுத்து வைக்காதீங்க. 1987ல 13வது திருத்தத்தோட தமிழும் ஆட்சி மொழியாயிருச்சு, தமிழ்ல எழுதுங்கன்னு கேக்குறது ஒங்க உரிம, யாரும் போடுற பிச்ச இல்ல. ரெண்டு பாஷையும் தெரிஞ்ச ஒரு டீச்சரையோ கிராம சேவகரையோ கூட்டிட்டு போங்க. லோயருக்கு காசு இல்லன்னா சட்ட உதவி ஆணைக்குழு இருக்கு. கேஸ் இழுபடும், அரசாங்க பக்கம் கேஸ் நடத்துற சட்டமா அதிபர் திணைக்களத்துக்கு போயி மேல் நீதிமன்றத்துக்கு வர வருசக் கணக்குல ஆகும், இத மறைச்சு சொல்லி ஒங்கள ஏமாத்த எனக்கு விருப்பம் இல்ல. ஆனா புள்ள சொல்றத வீடியோவுல பதிஞ்சு கோர்ட்டுல சாட்சியா எடுக்க 1999லயே சட்டம் வந்துருச்சு, அதையும் கேளுங்க.

இப்ப தலைவர்மாருக்கு வாறேன். அண்ணே, தண்ணி சண்ட, காணி சண்ட, குடிச்சிட்டு அடிச்சுக்குறது, இதெல்லாம் நீங்க பேசி தீத்து வைக்கிறீங்க, அதுக்கு தோட்டம் ஒங்களுக்கு கடமப்பட்டிருக்கு. இது அந்த வகையில வராது. இது ரெண்டு குடும்பத்துக்கு எடையில உள்ள பிரச்சினை இல்ல, நாட்டு சட்டத்துக்கு எதிரான குத்தம், சமாதானம் பண்ணி முடிக்க ஒங்களுக்கும் அதிகாரம் இல்ல, பெத்தவங்களுக்கும் இல்ல. நஷ்ட ஈடுன்னு காசு வாங்கி குடுக்குறது, கோயில்ல சூடத்து மேல சத்தியம் வாங்குறது, அவனையே கட்டி வச்சிருவோம்னு சொல்றது, எல்லாம் நடந்துக்கிட்டு தான் இருக்கு. 16 வயசுக்கு கொறஞ்ச புள்ள சம்மதிச்சிச்சுன்னு சொன்னாலும் சட்டம் அத ஏத்துக்காது, 18க்கு கொறஞ்ச புள்ளைக்கு பதிவு கல்யாணமும் செய்ய முடியாது. யூனியன் ஒரே யூனியன், அவன் நம்ம கச்சி ஆளு, நம்ம சாதி சனம், தோட்டத்து பேரு கெட்டுப் போகும், இந்த பேச்சு ஒன்னும் அந்த இஸ்தோப்புல வரக்கூடாது. அவன கொழும்புக்கு அனுப்பிட்டா பிரச்சினை முடிஞ்சிருச்சுன்னு நெனைக்கிறீங்க, அவன் போற எடத்துலயும் புள்ளைங்க இருக்கு, தீபாவளிக்கு அதே லயத்துக்கு தான் திரும்பி வாறான், அன்னைக்கு அந்த புள்ள எங்க ஒளியும்னு யோசிச்சு பாருங்க. ஒரு தாய் ஒங்க வீட்டுக்கு வந்து நின்னா ஒங்களால செய்ய முடிஞ்ச பெரிய ஒதவி, வாகனம் புடிச்சு குடுத்து ஆஸ்பத்திரிக்கு அனுப்புறது, அன்னைக்கு அவங்களோட வேல பேரு வெட்டுப்படாம தோட்டத்து மேனேஜர் தொரை கிட்ட பேசுறது, லயத்துல யாரும் வாய் விடாம பாத்துக்குறது.

பொடியன்களுக்கு நடந்தாலும் இது அத்தனையும் அப்படியே தான். "ஆம்பள புள்ளைக்கு என்ன ஆயிரப்போகுது"ன்னு கேக்காதீங்க, பொடியன்கள் இன்னும் கூட வெக்கத்துல வாயே தொறக்காம இருக்கும். 1995ல தண்டனைச் சட்டக் கோவைய திருத்தி பாரதூரமான பாலியல் துஷ்பிரயோகம்னு 365பி பிரிவு கொண்டு வந்தாங்களே, அதுல ஆணு பொண்ணுன்னு வித்தியாசம் இல்ல.

போன்ல படம் வீடியோ இருந்தா அழிக்காதீங்க, யாருக்கும் அனுப்பாதீங்க, போன அப்படியே பொலிஸ்ல குடுங்க. சின்ன புள்ளைங்களோட அந்த மாதிரி படத்த அனுப்புறதே குத்தம், நல்ல எண்ணத்துல அனுப்புனாலும் குத்தம். அதே மாதிரி நம்ம தம்பிமார் நீதி வேணும்னு புள்ளையோட போட்டோவ, பேர, தோட்டத்த எல்லாம் ஃபேஸ்புக்ல போடுறாங்க. பாதிக்கப்பட்ட ஆளு யாருன்னு காட்டுற மாதிரி வெளியிடுறது 365சி பிரிவுல தண்டனைக்குரிய குத்தம். போராடுங்க, பொலிஸ் மெத்தனமா இருந்தா ரோட்டுக்கு வாங்க, நானும் வாறேன், புள்ள மொகத்த மட்டும் விட்டுருங்க. அது நாளைக்கு அதே பஸ்ல தான் ஸ்கூலுக்கு வரணும்.

ஸ்கூலுக்கு வரணும்னு சொன்னேன் இல்லயா, அத கொஞ்சம் அழுத்தி சொல்றேன். கேஸ் போட்ட கையோட புள்ளைய படிப்ப விட்டு நிப்பாட்டி வீட்டுல வச்சிருவாங்க, இல்லன்னா தூரத்துல சொந்தக்காரங்க கிட்ட அனுப்பிருவாங்க. அதுக்கு தண்டன குடுத்த மாதிரி ஆகிருது. வகுப்பு, கூட்டாளிமார், வெளையாட்டு, சாயந்தரம் வழக்கமா செய்ற வேல, எல்லாம் பழையபடி இருந்தா தான் அதுக்கு மனசு ஆறும். என்ன நடந்துச்சுன்னு ஸ்கூல்ல எல்லாருக்கும் தெரிய தேவையில்ல, அதிபருக்கும் ஒரு வகுப்பு டீச்சருக்கும் தெரிஞ்சா போதும். ஆஸ்பத்திரியில மனநல டொக்டர்கிட்ட போகச் சொல்லி கிளினிக் கார்ட் குடுத்தா தவறாம போங்க, அது பைத்தியத்துக்கு பாக்குற எடம் இல்ல. அம்மாமாருக்கும் அழுறதுக்கு ஒரு ஆள் வேணும், புள்ள முன்னால இல்லாம அக்கா கிட்டயோ சிநேகிதி கிட்டயோ போயி அழுங்க.

வாற மாச கமிட்டி கூட்டத்துல ஒரு தீர்மானம் எடுங்க, இந்த மாதிரி விசயத்துல பஞ்சாயம் வைக்க மாட்டோம்னு. 1929 நம்பர சின்ன புள்ளைங்கள பாத்துக்குற புள்ளக்காம்பரா செவுத்துலயும், கொழுந்து நிறுக்குற எடத்துலயும், கோயில் மண்டபத்துலயும் பெருசா எழுதி போடுங்க. எழுதுறதுக்கு ஆள் இல்லன்னா சனிக்கெழம எனக்கு லீவு, சொல்லி அனுப்புங்க, வந்து எழுதி தாறேன்.

இப்படிக்கு,
ஒங்க புள்ளைங்களுக்கு படிச்சு குடுக்குற ஒரு டீச்சர்